நார்த்தாமலையும் நுரையீரல் நோயும்

புதுக்கோட்டையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் பெருவழியில் பயணம் செய்வோர், வழியிடையே மொட்டைப் பாறைக் குன்றுகள் சில நெருங்கி நிற்பதைக் காணலாம். மேலமலை, கோட்டைமலை, கடம்பர்மலை, உவச்சமலை, ஆளுருட்டிமலை, பொம்மமலை, மண்மலை, பொன்மலை என்று அவற்றிற்குப் பெயர்கள் வழங்குகின்றன. இக்குன்றுகளின் நடுவே அமைந்த சிற்றூரே நார்த்தாமலை. வணிகப் பெருமக்களாகிய நகரத்தார் வாழ்ந்த மலை, 'நகரத்தார்மலை' எனப்பட்டு நார்த்தாமலை ஆயிற்று என்பர் வரலாற்றறிஞர். ஊரார் சொல்லும் கதையோ வேறு. அனுமன் சஞ்சீவி மலையை இலங்கைக்கு எடுத்துச் சென்றபோது உதிர்ந்த துணுக்குகளே இக்குன்றுகள் என்றும், அதனாலேயே அரிய மூலிகைகள் இங்கே முளைக்கின்றன என்றும் அவர்கள் கூறுவர்.

மேலமலையின் மீது விசயாலய சோழீசுவரம் என்னும் கற்கோயில் இருக்கிறது. முத்தரையர் குலத்துச் சாத்தன் பூதி என்பான் எடுப்பித்த அக்கோயில் மழையால் இடிந்துபோக, மல்லன் விடுமன் என்பான் அதனைப் புதுப்பித்தான் எனக் கல்வெட்டுக் கூறுகிறது. அதன் எதிரே சாத்தன் பழியிலி குடைவித்த பழியிலி ஈசுவரம் என்னும் குடைவரையும், பன்னிரண்டு திருமால் உருவங்கள் வரிசையாக நிற்கும் மற்றொரு குடைவரையும் உள்ளன. மன்னர் பெயரும் தலைவர் பெயரும் கல்லில் நிற்கின்றன. அப்பாறையைக் குடைந்த தச்சர்கள் எத்தனை பேர், அவர்கள் எத்தனை வயது வரை வாழ்ந்தனர், என்ன நோயால் மாண்டனர் என்பனவற்றைக் கூறும் கல்வெட்டு ஒன்றுமில்லை. யான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் அந்த எழுதப்படாத வரலாற்றைச் சேர்ந்தது.

இவ்வட்டாரத்தில் கல்வேலை இன்றும் ஓயவில்லை. ஆசிரியர் பயிற்சி முடித்து நான் பணியில் அமர்ந்த 1980-களில், சம்மட்டியும் உளியும் ஆப்பும் கொண்டு கையால் பாறையைப் பிளந்தனர். பெண்கள் மர நிழலில் அமர்ந்து சுத்தியலால் ஜல்லி உடைத்தனர். பிறகு கிரஷர் எனப்படும் அரைவை எந்திரங்கள் வந்தன. கை செய்த வேலையை எந்திரம் எடுத்துக்கொண்டது. ஆனால் தூசி பன்மடங்காயிற்று. ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் சேர்க்கைப் பதிவேட்டை நிரப்பும்போது, தந்தையின் தொழில் என்னும் கட்டத்தில் 'கல் உடைத்தல்' என்று எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. சில ஆண்டுகள் கழித்து அதே பிள்ளை மாற்றுச் சான்றிதழ் வாங்க வரும்போது தாய் மட்டும் வருவாள். "அவுகளுக்கு டி.பி. ஐயா, போய்ட்டாக" என்பாள். இருமிக்கொண்டிருந்த ஒருவர் இறந்தால் அது டி.பி.தான் என்பது எங்கள் பக்கத்தில் கேள்விக்கு இடமில்லாத முடிபு.

அந்த முடிபு பல வேளைகளில் சரியாகவே இருந்திருக்கும். காசநோய் நம் நாட்டில் பெருவாரியாக உள்ள நோய். ஆனால் இருமல் என்னும் ஒரே வாயிலின் பின்னே மூன்று நோய்கள் நிற்கக் கூடும். ஒன்று காசநோய், மற்றொன்று சிலிக்கோசிஸ் எனப்படும் கல்தூசி நோய், மூன்றாவது நுரையீரல் புற்றுநோய். இம்மூன்றும் ஒன்றையொன்று மறைப்பன. ஒன்று மற்றொன்றுக்கு வழிவிடுவதும் உண்டு.

கருங்கல்லில் சிலிக்கா என்னும் பொருள் படிகமாகக் கலந்திருக்கிறது. கல் உடையும்போது பறக்கும் தூசியில் கண்ணுக்குத் தெரிவது மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்துகளே நுரையீரலின் கடைசிச் சிற்றறை வரை செல்லும். அங்கே காவல் செய்யும் வெள்ளணுக்கள் அத்துகளை விழுங்கி, செரிக்க மாட்டாமல் தாமே மடியும். மடிந்த இடம் தழும்பாகும். தழும்பேறிய நுரையீரல் விரியாது. காசநோய்க் கிருமிக்கும் அது எளிதில் இடம் கொடுக்கும். கோலார் தங்கவயலில் வேலை செய்த நம் தமிழ்த் தொழிலாளர் பலர் இந்நோயால் வருந்தியதை 1940-களிலேயே மருத்துவர்கள் ஆராய்ந்து எழுதினர். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், அரசுக்கு அறிவித்தே ஆக வேண்டிய தொழில் நோய்களுள் ஒன்றாகச் சிலிக்கோசிஸைச் சேர்த்தது. அத்தூசி புற்றுநோயையும் விளைவிக்கும் என்று உலக நலவாழ்வு நிறுவனத்தைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1997-இல் உறுதியாகக் கூறிற்று.

கல்லும் சுரங்கமும் நுரையீரலைத் தின்னும் என்பது ஐரோப்பாவில் பழைய செய்தி. 1556-இல் வெளிவந்த தம் சுரங்க நூலில் அக்ரிகோலா என்னும் அறிஞர், கார்ப்பதிய மலைச் சுரங்க ஊர்களில் ஏழு கணவரை ஒருவர்பின் ஒருவராக மணந்து எழுவரையும் இழந்த பெண்கள் உண்டு என்று குறித்துள்ளார். செர்மனியின் ஷ்னீபெர்க் சுரங்கத் தொழிலாளரைத் தலைமுறை தலைமுறையாகக் கொன்ற 'மலைநோய்' உண்மையில் நுரையீரலில் தோன்றும் புற்றே என்பதை 1879-இல் ஹார்ட்டிங், ஹெஸ்ஸே என்னும் மருத்துவர் இருவர் பிணஆய்வால் காட்டினர். அதாவது முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்நோய் வேறு பெயரில் நடமாடியிருக்கிறது. நம்மூரில் 'டி.பி.' என்னும் பெயரில் அது எத்தனை ஆண்டுகள் நடமாடியதோ!

ஆயினும் சுரங்கத்திற்கு வெளியே அந்நாளில் இது மிக அரிய நோய். 1912-இல் ஐசக் அட்லர் என்னும் அமெரிக்க மருத்துவர் இதைப்பற்றித் தனிநூல் எழுதியபோது, இத்துணை அரிய நோய்க்கு ஒரு நூல் வேண்டுமா என்று மன்னிப்புக் கேட்பார் போலவே தொடங்கினார். அடுத்த நாற்பதாண்டுகளில் அது மேல்நாட்டு ஆடவரின் பெருங்கொல்லியாயிற்று. இடையில் என்ன நேர்ந்தது? எந்திரத்தால் செய்த சிகரெட் பரவியது, முதல் உலகப்போரில் படைவீரர்க்குச் சிகரெட் வழங்கப்பட்டது, புகைத்தல் ஊர்ப்பழக்கமாயிற்று.

இங்கே ஒரு மருத்துவரின் கதையைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். எவார்ட்ஸ் கிரகாம் என்பார் அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரத்து அறுவை மருத்துவர். 1933-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள், புற்று வந்த ஒருவரின் ஒருபுற நுரையீரலை முழுவதும் அகற்றி அவரைப் பிழைக்க வைத்தார். அவ்வாறு பிழைத்தவருள் அவரே முதல்வர். அவரும் ஒரு மருத்துவரே. பின்னர் வைண்டர் என்னும் இளைஞர் கிரகாமிடம் வந்து, இந்நோய்க்கும் சிகரெட்டுக்கும் தொடர்பு உண்டா என்று ஆராய இசைவு கேட்டார். தாமே விடாது புகைப்பவராகிய கிரகாம் அதனை நம்பவில்லை. எனினும் இசைவு தந்தார். நோயாளிகளைக் கேட்டு எழுதிய கணக்கு அவரை வாயடைக்கச் செய்தது. 1950-இல் இருவரும் சேர்ந்தே அதனை வெளியிட்டனர். அதே ஆண்டு இங்கிலாந்தில் டால், ஹில் என்னும் இருவரும் அதே முடிவை வெளியிட்டனர். கிரகாம் புகைப்பதை நிறுத்தினார். ஆயினும் 1957-இல் அவரும் நுரையீரல் புற்றுநோயாலேயே இறந்தார். அவர் 1933-இல் பிழைக்க வைத்த நோயாளி 1963 வரை உயிர் வாழ்ந்தார். நோயை முன்னதாகக் கண்டால் என்ன ஆகும், பின்னதாகக் கண்டால் என்ன ஆகும் என்பதற்கு இவ்விருவரைவிடச் சான்று வேண்டுமா?

தமிழ்நாட்டுக்குப் புகையிலை போர்த்துக்கேசியர் வாயிலாக வந்தது. வந்த சில காலத்தில் அது நம்மவரை ஆட்கொண்டுவிட்டது. சீனிச்சர்க்கரைப் புலவர் 'புகையிலை விடு தூது' என்று ஒரு சிற்றிலக்கியமே பாடினார். திண்டுக்கல் புகையிலையும் உறையூர்ச் சுருட்டும் கடல் கடந்தன. ஷெர்லாக் ஹோம்ஸ் என்னும் கற்பனைத் துப்பறிவாளர் தம் முதற்கதையிலேயே திருச்சிராப்பள்ளிச் சுருட்டின் சாம்பலை வைத்துக் கொலைகாரனைப்பற்றித் துப்புக் காண்கிறார். இப்பெருமையால் நமக்கு மகிழ்ச்சியில்லை. உழைப்பாளி மக்களிடம் பரவியது பீடி. அதில் உள்ள தூள் சிறிது. ஆனால் அது அணையாதிருக்க ஆழமாகவும் அடிக்கடியும் இழுக்க வேண்டும். ஆதலின் நுரையீரலுக்குச் செல்லும் நஞ்சு சிகரெட்டுக்குக் குறைந்ததன்று. மாணவனை அனுப்பிப் பீடி வாங்கிவரச் செய்த ஆசிரியர்களை நான் என் தொடக்க நாட்களில் கண்டிருக்கிறேன். பள்ளிக்கு 100 கெச எல்லைக்குள் புகையிலை விற்கலாகாது என்ற விதி, 2003-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின்னரே வந்தது. 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைத்தலும் தடுக்கப்பட்டது.

சென்னை நகரத்திலும் விழுப்புரம் பக்கத்து ஊர்களிலும் இறந்த 43,000 ஆடவரைப்பற்றி வீடுவீடாகக் கேட்டறிந்து, கஜலட்சுமி அம்மையாரும் ரிச்சர்டு பீட்டோ முதலானோரும் 2003-இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். அதில் கண்ட செய்தி மேல்நாட்டாருக்கே புதிது. புகைப்போர் புற்றுநோயால் மட்டுமின்றிக் காசநோயாலும் மிகுதியாக இறக்கின்றனர். காசநோயால் இறந்த ஆடவருள் ஏறத்தாழப் பாதிப்பேர் புகைத்தலாலேயே இறந்தனர் என்பது அவர்தம் முடிபு. ஆகவே கல்தூசி, காசம், பீடி, புற்று என்னும் நான்கும் ஒரே மனிதனின் மார்பிற்குள் சந்திப்பது நார்த்தாமலை போன்ற ஊரில் வியப்பன்று. அடுப்புப் புகையை நாள்தோறும் உண்ணும் பெண்களையும், புகைக்காதோர்க்கும் இந்நோய் வரும் என்பதையும் இத்துடன் சேர்த்து எண்ண வேண்டும்.

இனிக் கவனிப்பின் வரலாற்றுக்கு வருவோம். அதில் புதுக்கோட்டைக்கு ஒரு தனிப்பங்கு உண்டு. 1886-இல் இந்நகரத்தில் பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. பெண்கள் கல்லூரி வாயிலை மிதிக்காத காலத்தில் மன்னர் கல்லூரியில் பயின்று, 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-இல் பட்டம் பெற்றார். 1920-களின் தொடக்கத்தில் அவர்தம் தங்கை புற்றுநோயால் மாண்டார். உடன்பிறந்தாளைக் காக்க மாட்டாத மருத்துவரின் துயரம் முப்பதாண்டு ஓயாத முயற்சியாக மாறிற்று. சட்டமன்றத்தில் துணைத் தலைவராக அமர்ந்தவருக்கும், புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை எதற்கு என்ற கேள்வியே விடையாகக் கிடைத்தது. நிதி திரட்டினார். 1952 அக்டோபர் 10-இல் பிரதமர் நேரு அடையாற்றில் அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-இல் பன்னிரண்டு படுக்கைகளோடு அந்நிலையம் தொடங்கிற்று. அவர்தம் மைந்தர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-இல் வந்து சேர்ந்து 2021-இல் மறையும் வரை அங்கேயே வாழ்ந்த டாக்டர் சாந்தாவும் அதனை வளர்த்தனர். புதுக்கோட்டை மகள் எழுப்பிய நிலையம் சென்னையில் அமைந்தது. புதுக்கோட்டை உழைப்பாளிக்கு அது ஓர் இரவுப் பயணத் தொலைவு. இதில் யாரையும் குறை சொல்லவில்லை. தொலைவும் நோயின் ஒரு பகுதி என்று காட்டவே சொல்கிறேன்.

அதே காலத்தில் காசநோய்க் கவனிப்பு வேறு வழியில் ஊரை நோக்கி வந்தது. முன்பு தாம்பரம், செங்கிப்பட்டி போன்ற இடங்களில் அமைந்த சானடோரியங்களில் மாதக்கணக்கில் கிடக்க வேண்டும். 1956-இல் சென்னையில் தொடங்கிய வேதிச்சிகிச்சை நிலையம், வீட்டிலிருந்தபடியே மருந்து உண்டாலும் நோய் குணமாகும் என்பதை 1959-இல் உலகிற்கு மெய்ப்பித்தது. அதனால் மாத்திரை ஊருக்கே வந்தது. இது பெரும் நன்மை என்பதில் ஐயமில்லை. ஆனால் மாத்திரை எளிதாகக் கிடைத்ததன் பக்கவிளைவு ஒன்று உண்டு. சளியில் கிருமி காணாவிடினும், எக்ஸ்ரே படத்தில் நிழல் கண்டால் காசம் என்றே கொண்டு மருந்து கொடுத்துப் பார்ப்பது வழக்கமாயிற்று. அந்நிழல் புற்றாக இருந்தால் மாதங்கள் வீணாகும். நம் நாட்டில் நுரையீரல் புற்று என்று அறியப்படுவோரில் முக்காற் பங்கிற்கு மேற்பட்டோர் முற்றிய நிலையிலேயே அறியப்படுகின்றனர். அவருள் பலர் முதலில் காசநோய் மருந்து உண்டவர்கள்.

என் மாணவன் ஒருவனின் தந்தையார் கதை அதுவே. கல்வேலை செய்தவர், பீடியும் உண்டு. ஆறு திங்கள் மருந்து உண்டார். இருமல் நிற்கவில்லை, மீண்டும் அதே மருந்து கொடுத்தனர். சளியில் இரத்தம் வந்த பின்னரே வேறோர் ஊரில் சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்தனர். அதற்குள் நோய் முதுகெலும்புக்குச் சென்றுவிட்டது. சளிச் சோதனைச் சீட்டுகளை அடுக்கிக் கட்டி அம்மகன் என்னிடம் கொண்டுவந்து காட்டினான். ஒன்றில்கூடக் கிருமி கண்டதாக எழுதவில்லை. "அப்ப இத்தன நாளா எதுக்கு ஐயா மருந்து தின்னாரு?" என்று கேட்டான். கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிய பையன் அவன்.

அப்படியானால் நலமாக இருப்போரையே முன்கூட்டிச் சோதித்து நோயைக் காண இயலாதா என்று நேயர்கள் கேட்கலாம். அம்முயற்சியும் நடந்தது. சாதாரண எக்ஸ்ரே படத்தை அடிக்கடி எடுத்துப் பார்த்தும் இறப்புக் குறையவில்லை என்று 1970-களில் தொடங்கிய அமெரிக்க ஆராய்ச்சிகள் காட்டின. குறைந்த கதிர் அளவில் எடுக்கும் சி.டி. படம் வந்த பிறகே வழி பிறந்தது. மிகுதியாகப் புகைத்த 53,454 பேரை வைத்து அமெரிக்காவில் நடத்தி 2011-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஆண்டுக்கொரு முறை மூன்றாண்டு சி.டி. எடுத்தோரிடம் நுரையீரல் புற்றால் நேரும் இறப்பு, எக்ஸ்ரே எடுத்தோரைவிட 20 விழுக்காடு குறைந்தது. 2020-இல் வெளியான ஐரோப்பிய ஆராய்ச்சியும் இதனை உறுதி செய்தது.

ஆனால் இதை அப்படியே இங்கு இறக்க இயலாது. அந்த அமெரிக்க ஆராய்ச்சியிலேயே ஐயத்திற்குரியதாகத் தெரிந்த நிழல்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு புற்றல்ல என்று பின்னர்த் தெரிந்தது. பழைய காசத்தழும்பும் கல்தூசித் தழும்பும் மிகுந்த நம் மக்களிடம் பொய்யான அச்சமும் தேவையற்ற ஊசிக்குத்தும் பன்மடங்காகும். மருத்துவ அறிஞர் தயங்குவதற்கு இது தக்க காரணமே. நம் நாட்டில் முப்பது வயதுக்கு மேற்பட்டோரிடம் அரசு முன்கூட்டித் தேடுவது வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்று புற்றுகளையே. நுரையீரலுக்கு அத்தகைய நாடளாவிய திட்டம் இல்லை. தயக்கம் ஊரெல்லாம் சோதிப்பதற்குப் பொருந்தும். இருபதாண்டு கல் உடைத்துப் பீடியும் குடித்த, இருமல் ஓயாத ஒருவரைப் பொறுத்த வரையில் அது பொருந்தாது என்பது என் கருத்து. அவர் நலமாக இருப்பவர் அல்லர், நோயாளி. அவருக்கு வேண்டுவது திட்டமன்று, அடுத்த சோதனை.

நல்ல செய்திகளும் இல்லாமலில்லை. 2017-இல் புதுக்கோட்டையிலேயே அரசு மருத்துவக் கல்லூரி எழுந்தது. காசநோயைத் தேடி எக்ஸ்ரே கருவி பூட்டிய ஊர்திகள் சிற்றூர்களுக்கும் வருகின்றன. கிருமியின் மரபணுவைக் கொண்டு சில மணி நேரத்தில் காசத்தை உறுதி செய்யும் கருவியும் உண்டு. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் புற்றுநோய்ச் சிகிச்சையையும் ஏற்கிறது. சிலவகை நுரையீரல் புற்றுகளில் அணுவின் குறிப்பிட்ட மாற்றத்தைச் சோதித்தறிந்து, அதற்கென்றே அமைந்த மாத்திரை கொடுக்கலாம். அம்மாற்றம் மேல்நாட்டாரைவிட நம்மவரிடம் மிகுதி. முற்றிய நிலையிலும் வலியும் மூச்சுத்திணறலும் தணிய மார்பின் என்னும் மருந்து உதவும். 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தால் அரிதாகிவிட்ட அம்மருந்தை நோயாளிக்கு எளிதாக்கச் சட்டம் 2014-இல் திருத்தப்பட்டது.

கல்குவாரி நடத்துவோர் துளையிடும் இடத்திலும் அரைக்கும் இடத்திலும் நீர் தெளித்தாலே தூசியில் பெரும்பகுதி அடங்கும். தலைத்துண்டை மூக்கில் சுற்றிக்கொள்வது நுண்தூசியைத் தடுக்காது. அதற்கெனச் செய்த முகமூடி வேண்டும். தொழிலாளி மருத்துவரிடம் செல்லும்போது இருமலை மட்டும் சொல்லி வராமல், எத்தனை ஆண்டு கல்வேலை, நாளொன்றுக்கு எத்தனை பீடி என்பதையும் தாமே சொல்ல வேண்டும். கேட்கும் நேரம் அவருக்கு இராது. இரண்டு வாரம் இருமினால் சளியைச் சோதிக்க வேண்டும் என்பதை நம் மக்கள் ஒருவாறு அறிந்துள்ளனர். சளியில் கிருமி இல்லையென்று வந்தால் "அப்படியானால் இந்த நிழல் என்ன?" என்று கேட்கவும் அவர்கள் அறிய வேண்டும்.

இன்னும் ஒன்று. எக்ஸ்ரே படங்களை எங்கள் ஊர்களில் கூரை எரவாணத்தில் செருகி வைப்பார்கள்; வீடு மாறும்போது எறிந்துவிடுவார்கள். அவற்றைத் தேதியெழுதி உறையிலிட்டு வைத்து, அடுத்த முறை செல்லும்போது கையோடு கொண்டு செல்லுங்கள். இரண்டாண்டுக்கு முன் எடுத்த படத்தில் இருந்த அளவிலேயே இன்றும் இருக்கும் நிழல் பெரும்பாலும் பழைய தழும்பு. அப்போது இல்லாமல் இப்போது தோன்றிய நிழலும், அப்போது கடுகளவாக இருந்து இப்போது சுண்டைக்காய் அளவாகியுள்ள நிழலும் வேறு. இரண்டு படங்களையும் வெளிச்சத்தின் எதிரே அருகருகே பிடித்தால்தான் மருத்துவருக்கு அந்த வேறுபாடு தெரியும்.